போல்ட்டும் வெல்டிங்கும்: ஒரு 1968 கமாரோவை வீட்டில் புதுப்பிக்க மூன்று வழிகள்

ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டியை ஒட்டியிருக்கும் நார்வுட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்த ஆலை 1987இல் மூடப்பட்டது. அந்த ஆலையில் பிறந்த செவ்ரலெட் கமாரோ ஒன்று சென்ற ஆண்டு முதல் என் வீட்டுக் கராஜில் ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. 1968ஆம் ஆண்டு மாடல், இரண்டு கதவு, 327 கன அங்குல வி8 என்ஜின், இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அந்த மாடல் ஆண்டில் உருவான 2,35,147 கமாரோக்களில் பெரும்பாலானவற்றைப் போல இதுவும் பந்தயத்துக்கென்று ஆர்டர் கொடுத்து வாங்கப்பட்டதல்ல. வேலைக்கும் கடைக்கும் போய்வர யாரோ வாங்கிய சாதாரணக் கார். இதை எந்த வழியில் புதுப்பிப்பது என்பதைத்தான் கடந்த சில மாதங்களாக எடைபோட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று வழிகள் இருக்கின்றன. ஆலையிலிருந்து வெளிவந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, ஹோஸ் கிளிப் வரைக்கும், திரும்பக் கொண்டுவருவது முதல் வழி. உடலையும் தோற்றத்தையும் என்ஜினையும் பழையபடி வைத்துக்கொண்டு பிரேக், கியர்பாக்ஸ், இக்னிஷன் போன்ற இடங்களில் மட்டும் இன்றைய சாலைக்கு ஏற்ற பாகங்களைப் பொருத்துவது இரண்டாவது. பழைய தகட்டுக்குள் புதிய காரை வைப்பது மூன்றாவது. ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8 வரிசையான எல்எஸ் குடும்பத்து என்ஜின், ஆறு கியர், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த காயில்ஓவர் சஸ்பென்ஷன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க், ஏசி என்று நீண்டுகொண்டே போகும் இந்த வழியை ரெஸ்டோமாட் என்கிறார்கள். யாரோ முடித்துவைத்த காரை வாங்கிவிடுவது என்று நான்காவது வழியும் உண்டு. பணக் கணக்கை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் அதுதான் லாபம், ஏனென்றால் புதுப்பித்தவர் போட்ட பணம் முழுவதும் விற்கும்போது திரும்பி வருவது அரிது. ஆனால் ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படுகிறவரிடம் அந்த யோசனையைச் சொல்வது, சமைக்க ஆசைப்படுகிறவரை ஓட்டலுக்குப் போகச் சொல்வது போன்றது என்பதால் அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

எந்த வழி என்று அனுபவசாலிகளிடம் கேட்டால் ‘உங்கள் விருப்பம்’ என்பார்கள். மரியாதையான பதில்தான், உதவாத பதில். நம் விருப்பத்தைக் கேட்பதற்கு முன்பே கார் தன் பங்குக்குச் சில விஷயங்களைத் தீர்மானித்துவிடுகிறது. அதன் எண்கள் ஒன்று, துரு ஒன்று, அது கட்டப்பட்ட விதம் ஒன்று. இந்த மூன்றையும் பார்த்த பிறகு விருப்பத்துக்கென்று மிஞ்சுகிற இடம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

எண்களிடமிருந்து தொடங்குவோம். காரின் அடையாள எண், ஓட்டுநர் பக்கத்தில் முன்கண்ணாடியின் வழியே பார்த்தால் டாஷ்போர்டின் மேல் தெரியும். 1967 மாடலில் கதவுக் கீல் தூணில் இருந்தது, மறு ஆண்டு இங்கே இடம் மாறியது. என் காரில் 124378 என்ற இலக்கங்களும் அவற்றை அடுத்து ‘என்’ என்ற ஆங்கில எழுத்தும் வருகின்றன. முதல் 1 செவ்ரலெட்டைக் குறிக்கிறது. 24 என்பது வி8 பொருத்திய கமாரோ. 37 இரண்டு கதவு ஹார்ட்டாப். 8 என்பது 1968. எழுத்து நார்வுட் ஆலை. கவனிக்க வேண்டியது, எந்த வி8 என்பதை இந்த எண் சொல்வதில்லை. 210 குதிரைத்திறன் கொண்ட சாதாரண 327க்கும், 375 குதிரைத்திறன் கொண்ட 396 கன அங்குல என்ஜினுக்கும் இதே தொடக்கம்தான். கமாரோவின் வேக வகைகளான எஸ்எஸ் என்றும் இசட்/28 என்றும் சின்னம் ஒட்டி விற்கப்படும் போலிகள் இத்தனை நடமாடுவதற்கு இந்த ஓட்டையே காரணம். எனவே சான்றை வேறு இடங்களில் தேட வேண்டியிருக்கிறது. முதல் உரிமையாளருக்கு வாரண்டிக்காகக் கொடுக்கப்பட்ட சிறிய உலோக அட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம். பெட்ரோல் டேங்க்கை இறக்கினால் அதன் மேற்புறத்தில், காரில் பொருத்த வேண்டியவற்றைக் குறித்த ஆலைத் தாள் ஒன்று மக்கிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இவை இரண்டும் இல்லையென்றாலும் என்ஜின் இருக்கிறது.

வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு நேர் முன்னால், பிளாக்கின் மேல் விளிம்பில், எந்திரத்தில் சீவிச் சமன்செய்த சிறிய மேடை ஒன்று உண்டு. பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், என்ஜின் கூட்டிய தேதியும் வகைக் குறியீடும் தெரியும். காரின் அடையாள எண்ணின் கடைசிப் பகுதியையும் அங்கேயோ எண்ணெய் ஃபில்டருக்கு அருகிலோ அடித்திருப்பார்கள். கம்பித் தூரிகையை மட்டும் அங்கே கொண்டுபோகக் கூடாது. ஆலையின் எந்திரம் விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகள் அந்த மேடையில் இருப்பதுதான் எழுத்துகள் பின்னாளில் அடிக்கப்பட்டவை அல்ல என்பதற்குச் சாட்சி. எனக்குத் தெரிந்த ஒருவர் தம்முடைய 1969 காரின் அசல் என்ஜினைப் போரிங் செய்யக் கொடுத்தபோது, பட்டறையில் பிளாக்கின் மேல்முகத்தையும் சேர்த்து ஒரு முறை சீவிவிட்டார்கள். வேலை சுத்தமான வேலை. ஆனால் அந்த மேடையும் அதே தளத்தில்தான் இருக்கிறது. எழுத்துகள் அனைத்தும் இரும்புத்தூளாகிப் போய்விட்டன. ‘முன்மேடையில் எந்திரம் படக்கூடாது’ என்று வேலைச் சீட்டிலேயே எழுதிக்கொடுக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது அவர் இழப்பிலிருந்து.

இந்தச் சோதனையின் முடிவு முதல் வழிக்கும் மற்ற வழிகளுக்கும் நடுவே கோடு கிழித்துவிடும். 1967இல் 602 மட்டுமே, 1968இல் 7,199 மட்டுமே செய்யப்பட்ட இசட்/28 ஒன்று, என்ஜின் எண் பொருந்தி ஒருவர் கைக்கு வந்திருந்தால், அவர் இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதியைப் படிக்கத் தேவையில்லை. அசல் மீட்பைத் தவிர வேறெதுவும் அந்தக் காரின் மதிப்பைக் குறைக்கவே செய்யும். எண்கள் பொருந்தாத, ஆறு சிலிண்டர் என்ஜினுடன் பிறந்து கைமாறிக் கைமாறி வந்த உடலாக இருந்தால் எந்த வழிக்கும் தடையில்லை. என்னுடையது நடுவில் நிற்கிறது. எண்கள் பொருந்துகின்றன, ஆனால் என்ஜின் வரிசையிலேயே மிகச் சாதுவான 327. அசலாக வைத்தாலும் யாரும் பெருந்தொகை தரப்போவதில்லை. தூக்கி எறிந்தால் திரும்பக் கிடைக்கப்போவதும் இல்லை.

அடுத்தது துரு. விளம்பரப் படத்தில் பளபளத்த என் காரின் தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு, ஸ்குரூடிரைவரின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனேன். ‘டங்’ என்று வந்த சத்தம் பயணி காலடியில் ‘தொப்’ என்று மாறிய இடத்தில் முனையை வைத்து அழுத்தியதும், அது எதிர்ப்பே இல்லாமல் தகட்டுக்குள் போய்க் கராஜின் சிமெண்ட் தரையைத் தொட்டது. பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியில் துணி சுற்றிய காந்தத்தை வைத்தால் நிற்காமல் வழுக்கிவிழுந்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி இருந்தது. இவை இரண்டும் எதிர்பார்த்தவை. கவலை தந்தது மூன்றாவது சோதனை. இந்தக் காரில் முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின்விளிம்பை ஒட்டியுள்ள துளைகள் வழியாக மழைநீர் ஒரு பெட்டி போன்ற அறைக்குள் இறங்கி, இரு ஓரங்களிலும் வடிந்து வெளியேற வேண்டும். சருகு அடைத்துக்கொண்டால் ஈரம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடும். அந்தத் துளைகளில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஹீட்டர் பெட்டிக்கு மேலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

அதைச் சரிசெய்ய முன்கண்ணாடியைக் கழற்றி, மேல்தகட்டின் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரித்து, அடித்தகட்டை ஒட்டுப்போட்டு, மறுபடி பற்றவைக்க வேண்டும். மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இந்த வேலை குறையப்போவதில்லை. முதன்முறை இறங்குகிறவர்கள் என்ஜினுக்குப் பட்ஜெட் போடுகிறார்கள். கார் துருவுக்குச் செலவு வைக்கிறது. பின்கண்ணாடிச் சட்டம், டிக்கித் தரை, லீஃப் ஸ்பிரிங்குகளைத் தாங்கும் பின் தண்டுகள் ஆகியவற்றையும் பார்த்து முடிக்கும் வரை வழியைத் தேர்ந்தெடுப்பதையே தள்ளிவைப்பது நல்லது என்பது என் கருத்து. தண்டுகளே போயிருந்தால் அந்த உடலை விட்டுவிடலாம்; முதல் தலைமுறைக் கமாரோவுக்கு மாற்றுத் தகடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன, 1969 மாடலுக்கு டைனாகார்ன் நிறுவனம் முழு உடலையே புதிதாக அச்சடித்து விற்கிறது. ஆனால் பழைய காரின் அடையாளத் தகட்டைப் பெயர்த்துப் புது உடலில் அறைவது கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் குற்றமாகிவிடக்கூடும் என்பதால், பதிவு எப்படி நடக்கும் என்பதை மாநில அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் அதில் இறங்க வேண்டும்.

இனி என் முடிவைத் தீர்மானித்த மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். முதல் தலைமுறைக் கமாரோ பாதிக்குப் பாதி இரண்டு விதமாகக் கட்டப்பட்டது. டாஷ்போர்டுக்குப் பின்னால் உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு. அதற்கு முன்னால் என்ஜின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் ஆகியவற்றைச் சுமக்கும் தனிச் சட்டம் ஒன்று, ரப்பர் புஷ்களின் மேல் கனத்த போல்ட்டுகளால் அந்தக் கூட்டோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. என்ஜினோடு சேர்த்து முன்பாதியை அப்படியே இறக்கி வெளியே தள்ளிவிடலாம். மறுபடி பூட்டும்போது சட்டத்திலும் உடலிலும் ஆலையே விட்டுவைத்திருக்கும் துளைகளில் உருளைக் கம்பிகளைச் செருகி நேர்பார்த்துக்கொள்ளலாம். ஆகவே இந்தக் காரில் முன்பாதியில் செய்யும் மாற்றம் எவ்வளவு பெரிதானாலும் திரும்பப் பெறக்கூடியது. டெட்ராய்ட் ஸ்பீடு போன்றவர்கள் விற்கும் புதிய முன்சட்டத்தைப் பூட்டினால்கூட, பழையதைக் கொட்டகையில் வைத்திருந்து என்றாவது மாட்டிவிடலாம். பின்பாதியில் அப்படியில்லை. லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு நான்கு இணைப்புத் தண்டு சஸ்பென்ஷன் வைக்க வேண்டுமென்றாலும், அகலமான டயருக்காகச் சக்கரக் குழியைப் பெரிதாக்க வேண்டுமென்றாலும் தகட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டியதை ஒட்டலாம், வெட்டாததாக்க முடியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் பற்றி நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி அதனால்தான் ‘இது போல்ட்டா, வெல்டிங்கா’ என்பதாக ஆகிவிட்டது.

இந்தக் கேள்வியோடு முதல் வழியைப் பார்த்தால், அது வீட்டுப் பட்டறையின் வேலையைவிட நூலகத்தின் வேலை என்பது புரியும். எந்த போல்ட்டின் தலையில் எந்த முத்திரை, எந்த ஹோஸ் கிளிப் எந்த மாதத்தில் மாறியது, ஆல்டர்னேட்டரின் தேதிக் குறியீடு கார் கூட்டப்பட்ட தேதிக்கு முந்தையதா என்று தேடுவதில்தான் மாதங்கள் போகும். அதில் ருசி கண்டவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் முடிந்த காரை ஓட்டுவது வேறு விஷயம். ஒன்பதரை அங்குல டிரம் பிரேக், நீளமான இறக்கத்தில் இரண்டு மூன்று முறை அழுத்தியதும் சூடேறிப் பிடிமானத்தை இழக்கிறது. நனைந்தால் நான்கும் ஒரே அளவில் பிடிப்பதில்லை. நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும் அசல் வடிவ பயாஸ் டயர்கள் சாலையின் ஒவ்வொரு தடத்தையும் பின்பற்றி வண்டியை இழுக்கும். ஆலை அன்று அடித்த லாக்கர் பெயிண்டின் சாயலைக் கொண்டுவருவதும் தனிக் கலை. வீட்டில் பெயிண்ட் அடிப்பதைப் பற்றிச் சொல்ல நேர்ந்ததால் ஓர் எச்சரிக்கை: இன்றைய இரண்டு பாக யூரித்தேன் பெயிண்டில் உள்ள ஐசோசயனேட்டுக்குச் சாதாரண முகமூடி போதாது, வெளிக்காற்று குழாய்வழி வரும் கவசம் வேண்டும். கூரையும் பின் மட்கார்டும் சேரும் இணைப்பை ஆலையில் ஈயத்தால் நிரப்பியிருப்பார்கள். அங்கே கிரைண்டரை வைத்தால் பறப்பது ஈயத்தூள். உடல் வேலையை நான் வெளியே கொடுத்ததற்கு என் கைத்திறனின் குறைவு பாதிக் காரணம் என்றால், மேல்மாடியில் தூங்கும் குழந்தைகள் மீதிப் பாதி.

மூன்றாவது வழியின் கவர்ச்சியை மறுக்க முடியாது. 1997இல் கார்வெட்டில் வந்த முதல் எல்எஸ் என்ஜின் 5.7 லிட்டரில் 345 குதிரைத்திறன் தந்தது. 2008 கார்வெட்டின் 6.2 லிட்டர் எல்எஸ்3 430 தந்தது. என் 327இன் 210 என்ற எண்ணோடு இவற்றை அப்படியே ஒப்பிடக்கூடத் தகாது, ஏனென்றால் அன்றைய அளவு ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்றவை இல்லாமல் மேடையில் வைத்து எடுத்த மொத்தத் திறன். 1972 மாடல் முதல்தான் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் நிகரத் திறனைப் போடத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கில் 210 இன்னும் சிறுத்துவிடும். அதற்கும் மேலாக, 1999க்குப் பிந்தைய சில்வராடோ பிக்கப்புகளில் வந்த 5.3 லிட்டர் இரும்பு பிளாக் என்ஜின் காயலான் கடைகளில் மலிந்து கிடக்கிறது. அதைக் கமாரோவின் பழைய மவுண்ட்டில் உட்காரவைக்க இடைத்தகடுகளும் தயாராக விற்கின்றன. முன்பாதி போல்ட் என்பதால் கொள்கையளவில் இதுவும் திரும்பப் பெறக்கூடிய மாற்றமே.

சிக்கல் என்ஜினில் இல்லை, அது இழுத்துவருகிற வாலில் இருக்கிறது. கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு ஐந்து முதல் ஏழு பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோல் போதும். எல்எஸ்ஸின் இன்ஜெக்டருக்கு 58 பவுண்டு வேண்டும். ஆகவே பம்பும் குழாயும் மாறும், பம்ப் உள்ளே இருக்க வேண்டுமென்பதால் டேங்க்கும் மாறும். பிக்கப்பின் எண்ணெய்த் தொட்டி ஆழமானது, கமாரோவின் முன்சட்டக் குறுக்குத்தண்டில் இடிக்கும், வேறு தொட்டி. எக்ஸாஸ்ட் ஸ்டியரிங் பெட்டியில் இடிக்கும்; வேறு ஹெடர், அதாவது என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் குழாய்த் தொகுதி. மின் விசிறியும் பம்பும் கம்ப்யூட்டரும் சேர்ந்து கேட்கும் மின்சாரத்தை 1968இன் ஆல்டர்னேட்டரும் ஒயர்களும் தாங்காது, புது ஒயரிங். ஸ்பீடோமீட்டருக்குக் கேபிள் வருவதற்கு வழியில்லை. இவ்வளவு திறனை வாங்கிக்கொள்ளப் பின் அச்சில் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பகிரும் பத்து போல்ட் கிரவுன் போதாது என்று அதை மாற்றும்போது, டயரை அகலமாக்கலாமே என்று தோன்றும், அந்த இடத்தில் வெல்டிங் கோட்டைத் தாண்டிவிடுகிறோம். பாதியில் நின்றுபோய், ‘எல்லாப் பாகமும் பெட்டியில் இருக்கிறது’ என்ற குறிப்போடு விற்பனைக்கு வரும் வீட்டு வேலைகளில் நான் நேரில் போய்ப் பார்த்தவை பெரும்பாலும் இந்த வகைதான். பேர்பெற்ற பட்டறை கட்டிய ரெஸ்டோமாட் ஏலத்தில் பெருவிலை பெறுவதைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் கூடாது. அங்கே வாங்குபவர் நம்புவது அந்தப் பட்டறையின் பெயரை, நம் வீட்டு ஒயரிங்குக்கு அந்த நம்பிக்கை கிடைப்பது கடினம். வெல்டிங், ஒயரிங் இரண்டும் கைவந்தவருக்கு, எண் பொருந்தாத உடல் கிடைத்தவருக்கு, இதைவிட மகிழ்ச்சியான வழி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் அந்த இருவரில் ஒருவனும் அல்ல. மாசு விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கலிபோர்னியா 1975க்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் புகைச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கிறது என்றாலும் மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும்.

நடு வழிக்கு இப்படி வந்து சேர்ந்தேன். அதிலும் எதை முதலில் தொடுவது என்பதில் எனக்கு ஐயமில்லை: பிரேக். ஆலையே அன்று கூடுதல் விலைக்கு முன் டிஸ்க் பிரேக் கொடுத்தது. 1967, 1968 மாடல்களில், டிஸ்க்கைக் கவ்விப்பிடிக்கும் அதன் காலிப்பருக்கு நான்கு பிஸ்டன்கள். 1969இல் ஒற்றைப் பிஸ்டன் மிதவைக் காலிப்பர் வந்தது. அந்தப் பிந்தைய அமைப்பின் நகல்கள் இன்று மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கின்றன, எல்லாமே போல்ட். செய்கிறவர்கள் தவறுவது ஒரே இடத்தில்தான். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், பெடலை விட்ட பிறகும் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். அதையே டிஸ்க்குக்கும் வைத்துக்கொண்டால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாது, பத்து மைல் ஓட்டியதும் வீல் கையை வைக்க முடியாத சூட்டுக்கு வந்துவிடும். மாஸ்டர் சிலிண்டரையும், முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பகிரும் வால்வையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிரம்முக்கென்று வந்த 14 அங்குல வீல் காலிப்பரில் உரசக்கூடும் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. முன் காயில் ஸ்பிரிங்கை வெளியே எடுக்க நேர்ந்தால், அதை இறுக்கும் கருவியை வாடகைக்காவது எடுத்து, ஜாக்கியால் சஸ்பென்ஷனின் கீழ்க்கையைத் தாங்கிக்கொண்டு செய்ய வேண்டும். அழுத்திவைத்த ஸ்பிரிங் விடுபட்டால் எலும்பை முறிக்கும்.

டயர் ரேடியலாக மாறும்போது வீல் அலைன்மெண்ட் எண்களும் மாற வேண்டும். ஆலையின் கையேட்டில் இருப்பது பயாஸ் டயருக்கான அளவு; அதைவிடக் கூடுதல் காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, கொடுத்தால்தான் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நேராக நிற்கும். பந்தய ஓட்டுநர் டிக் கல்ட்ஸ்ட்ராண்டின் பெயரால் வழங்கும் ஒரு பழைய உத்தி, சஸ்பென்ஷனின் மேல்கையின் துளைகளை முன்சட்டத்தில் இடம்மாற்றித் திருப்பங்களில் டயர் சாயும் கோணத்தைத் திருத்துகிறது. செலவே இல்லாத நல்ல உத்தி, ஆனால் டிரில் பிடிக்க வேண்டும். உயரமான பால் ஜாயிண்ட் பொருத்தினால் ஏறத்தாழ அதே பலன் போல்ட்டில் கிடைத்துவிடுகிறது என்பதால் நான் அதைத் தேர்ந்தேன்.

கியர்பாக்ஸில்தான் ஒப்பீடு உண்மையில் சூடுபிடித்தது. பவர்கிளைடின் முதல் கியர் விகிதம் ஏறத்தாழ 1.8, இரண்டாவது நேர் விகிதம். என் கிரவுனின் விகிதம் 3.08. 26 அங்குல டயரோடு மணிக்கு 70 மைல் வேகத்தில் என்ஜின் சுமார் 2,800 சுற்று சுற்றுகிறது. சிக்னலில் கிளம்பும்போதோ ஆள் ஏறிய மாட்டுவண்டி போல நகர்கிறது. ஐந்து கியர் மேனுவல் போடலாம் என்றால், கிளட்ச் பெடலிலிருந்து இணைப்புக் கம்பி வரை புதிதாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸே 1980களில் செய்த இரண்டு நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குகள் எஞ்சுகின்றன. 700ஆர்4க்குப் பேர் அதிகம். ஆனால் ப்யூக் கிராண்ட் நேஷனலில் வந்த 200-4ஆர் பவர்கிளைடின் நீளத்துக்கே இருக்கிறது, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்ட வேண்டாம். குறுக்குத்தண்டை மட்டும் பின்னால் நகர்த்தினால் போதும். அதன் முதல் கியர் 2.74, கடைசிக் கியர் 0.67. கிளம்பும்போது இழுவை ஒன்றரை மடங்கு கூடுகிறது, 70 மைலில் சுற்று 1,900க்கும் கீழே இறங்குகிறது. கிரவுனைத் தொடாமலேயே இரண்டும் கிடைக்கின்றன. நிபந்தனை ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள் மிகச்சரியாக அமையாவிட்டால் உள்ளே எண்ணெய் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் சில நாளிலேயே கருகிவிடும். கார்புரேட்டரின் லீவரில் அதற்குரிய பிராக்கெட்டை வாங்கிப் பொருத்தி, அழுத்தமானியை இணைத்துப் பார்த்த பிறகே சாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

என்ஜினை அப்படியே வைத்துக்கொள்வதற்கு எண்கள் மட்டும் காரணமல்ல. இந்தச் சாதுவான 327இன் அழுத்த விகிதம் சுமார் 8.75 என்பதால் சாதாரண பெட்ரோலிலேயே தட்டாமல் ஓடுகிறது; பதினொன்றை எட்டும் விகிதம் கொண்ட அன்றைய வேக என்ஜின்களை வைத்திருப்பவர்களுக்கு இந்த நிம்மதி கிடையாது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குத் தாக்குப்பிடிக்கும் ஹோஸ்களைப் போட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் காண்டாக்ட் பாயிண்ட்டை எடுத்துவிட்டுக் காந்த உணரி ஒன்றைப் பொருத்தினேன். வெளியிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியாது. காயிலுக்கு வரும் ஆலை ஒயர் மின்னழுத்தத்தைக் குறைப்பதற்கென்றே செய்யப்பட்ட தடை ஒயர் என்பது தெரியாமல் அதிலிருந்தே உணரிக்கு மின்சாரம் எடுத்து, ஸ்டார்ட் ஆகாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். ஃபியூஸ் பெட்டியிலிருந்து 12 வோல்ட் தனியாக எடுத்ததும் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது.

வீட்டில் செய்தது, வெளியே கொடுத்தது என்று பார்த்தால், போல்ட் வேலை முழுவதும் என் கையில், வெல்டிங்கும் பெயிண்டும் டிங்கரிங் தெரிந்தவர் கையில். முன்கண்ணாடிக்குக் கீழுள்ள அந்தத் தகடு இப்போது அவரிடம் இருக்கிறது. கழற்றிய டிரம்களும் மாஸ்டர் சிலிண்டரும் எண்ணெய் தடவிச் செய்தித்தாளில் சுற்றப்பட்டு, எந்தப் பக்கத்தது என்று எழுதிய அட்டையோடு அலமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன. பவர்கிளைடு வேலைமேசைக்கு அடியில், தார்ப்பாய்க்குள். பின்பக்கத்தைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு ஊசலாட்டம் மிச்சமிருக்கிறது: முன்சட்டத்தையும் பின் தண்டுகளையும் இணைக்கும் தண்டுகளைப் பூட்டினால் உடல் முறுக்குவது குறையும், போல்ட்டில் பூட்டும் வகையும் உண்டு, பற்றவைக்கும் வகையும் உண்டு, பற்றவைப்பதுதான் உறுதி என்கிறார் டிங்கர். தகட்டு வேலை முடிந்து கார் திரும்பி வரும்வரை யோசிக்க அவகாசம் இருக்கிறது.